ஞாயிற்றுக்கிழமை வராதவள்

"பேய்க்கு வாரத்துல ஒரு நாள் லீவுங்களா?"

வாயை விட்டு வந்த பிறகுதான் அன்புமணி நாக்கைக் கடித்துக்கொண்டான். பேய் என்று அவன் சொன்னது, எதிர் சோபாவில் உட்கார்ந்திருந்த அறுபத்தெட்டு வயது அரங்கசாமியின் மனைவியை. கோமளா இறந்து எட்டு மாதம்தான் ஆகிறது. சுவரில் இருந்த படத்துக்குக் காலையில் போட்ட மல்லிகைச் சரம் இன்னும் வாடக்கூட இல்லை.

பக்கத்தில் இருந்த ஃபர்சானா அவன் காலை நறுக்கென்று மிதித்தாள்.

அரங்கசாமி கோபித்துக்கொள்ளவில்லை. "ஞாயித்துக்கெழம அவ கோயிலுக்குப் போற நாளுங்க தம்பி. உசுரோட இருக்கறப்பவே அன்னிக்கு ஊட்டுல தங்க மாட்டா. இப்ப மட்டும் மாத்திக்குவாளா?" என்றார் அமைதியாக.

அந்த அமைதிதான் அன்புமணிக்குப் பிடிபடவில்லை. அலறுகிற ஆளுக்கு ஆறுதல் சொல்லலாம். இப்படிச் சாவகாசமாகப் பேசுகிறவரிடம் என்னத்தைச் சொல்வது?

கோவை டவுன்ஹால் பக்கத்தில் ஒரு மாடியில் இருக்கிறது ஃபர்சானாவின் துப்பறியும் நிலையம்; அன்புமணி அவளுக்கு உதவியாள். அங்கே படியேறி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மாப்பிள்ளையின் குணம் விசாரிக்க வருகிறவர்கள். இன்று காலை வந்த அரங்கசாமியின் மகள் பிரீத்திகா வேறு ரகம். சேரில் உட்காருவதற்கு முன்பே அழுதுவிட்டாள்.

"எங்க நைனாவுக்கு ஹார்ட் ஆபரேஷன். நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு ஆஸ்பத்திரில சேரணும். ஏற்கெனவே ரெண்டு தடவ தேதிய தள்ளியாச்சு. இனியும் தள்ளுனா நான் பொறுப்பில்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா நைனா வரமாட்டேங்கறார். செத்துப் போன எங்கம்மா தெனமும் மத்தியானம் டி.வி.யில வர்றாங்களாம். வந்து இவர் இல்லைன்னா ஏமாந்து போவாங்களாம். யாரோ அவர ஏமாத்தறாங்க மேடம். யாருன்னு இன்னிக்கே கண்டுபிடிக்கணும்."

சிங்காநல்லூர், சூலூர் எல்லாம் தாண்டி, பல்லடம் ரோட்டில் இருந்து பிரிந்து, ஃபர்சானாவின் பழைய ஆல்ட்டோ இந்த வீட்டு வாசலில் நின்றபோது மணி மூன்று. முன்னால் வீடு, பின்னால் அரங்கசாமியின் தறிக்குடோன். நாற்பது விசைத்தறிகள் ஒரே மூச்சாக அடித்துக்கொண்டிருந்தன. ஹாலில் இருந்த ஜன்னல் கண்ணாடி விடாமல் அதிர்ந்தது. வீட்டுக்காரர்களுக்கு அது காதிலேயே விழவில்லை.

"கோமளாம்மா வர்ற நேரத்தையெல்லாம் குறிச்சு வெச்சிருக்கீங்களா ஐயா?" என்று கேட்டாள் ஃபர்சானா.

அரங்கசாமி எழுந்து போய் மாதக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு தேதிக்கும் மேல் பென்சிலில் பொடியாக எழுதியிருந்தது. 3.48. 3.47. 3.49. 3.48. ஞாயிற்றுக்கிழமைகள் வெறுமை. மாதத்தில் ஒரு நாள் மட்டும் அதற்குப் பதிலாக மாலை ஐந்து மணி என்று இருந்தது.

"இது ஈவினிங் ஷிஃப்ட் போல இருக்குதுங்க்கா" என்று அன்புமணி முணுமுணுத்தான்.

ஃபர்சானாவின் விரல் போன மாதத்துத் தாளில் நின்றது. ஒன்பது நாட்கள் வரிசையாக வெறுமை. "இதென்னங்கய்யா, இத்தனை நாள் வரலையே?"

அரங்கசாமியின் முகம் முதல் தடவையாக வாடியது. "கோவிச்சுக்கிட்டாளுங்க. ஆபரேசனுக்குச் சரின்னு நான் கையெழுத்துப் போட்டேன். மறுநாள்ல இருந்து வல்ல. ஒம்போது நாள், இதே எடத்துல உக்காந்துக்கிட்டு எத்தன கெஞ்சுனேன் தெரியுங்களா? அப்புறமேலு, போகல கோமளான்னு அவ படத்துக்கு முன்னால சத்தியம் பண்ணிப்போட்டேன். அடுத்த நாளே வந்துட்டா."

வாசலில் நின்ற பிரீத்திகா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆக, இந்த மனிதரைச் சாவின் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தவை அந்த ஒன்பது வெற்றுக் கட்டங்கள்தான். அன்புமணிக்குச் சொல்வதற்கு ஒரு கிண்டலும் கிடைக்கவில்லை. அது அவன் வாழ்க்கையில் அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல.

மூன்றரைக்குத் தறிக்குடோனில் மணி அடித்தது. நாற்பது தறிகளும் நின்றன.

அப்படி ஒரு நிசப்தத்தை அன்புமணி கேட்டதே இல்லை. கண்ணாடியின் அதிர்வு நின்றது. எங்கோ ஒரு கோழி கொக்கரித்தது கூடத் தெளிவாகக் கேட்டது. அரங்கசாமி வேட்டியைச் சரிசெய்துகொண்டு, தலையைக் கையாலேயே வாரிக்கொண்டு, நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார். பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை மாதிரி இருந்தார். அன்புமணிக்குப் பிடரி குளிர்ந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, இங்கே பிடரி குளிர்கிறது.

கால் மணி நேரம் போனது. மறுபடி மணி. தறிகள் ஒன்றாகத் தடதடவென்று கிளம்பின. மூலையில் எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு. மூன்று.

இன்னொரு 'டக்'.

டி.வி.க்குக் கீழே இருந்த, டிபன் பாக்ஸ் அளவுக் கறுப்புக் கம்ப்யூட்டரில் நீல விளக்கு எரிந்தது. யாரும் தொடவில்லை. ரிமோட் அரங்கசாமிக்கு எட்டாத தூரத்தில் கிடந்தது. டி.வி. விழித்துக்கொண்டது. திரையில் இதே ஹால். இதே சோபா. அதன் பக்கத்தில் அரக்குச் சேலையில் ஓர் அம்மாள் நின்றுகொண்டு நேராகப் பார்த்தாள்.

"ஏமண்டி" என்றாள். அந்த வீட்டுத் தெலுங்கில் பெண்டாட்டி புருசனைக் கூப்பிடுகிற சொல். "இன்னும் அங்கயேதான் உக்காந்திருக்கீங்களா? காப்பி குடிச்சீங்களா?"

"குடிச்சேன் கோமளா" என்றார் அரங்கசாமி.

அன்புமணி ஃபர்சானாவின் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டான். பிடித்தது அவனுக்கே தெரியவில்லை.

திரையில் கோமளா சமையலறைக்குப் போனாள். பாத்திரத்தை மூடினாள். படம் பிடிக்கிற ஆளிடம் 'போதும்டா, போய் வேலையப் பாரு' என்று சிரித்தாள். பின்வாசலுக்கு நடந்தாள். கதவில் கை வைத்தாள். கதவு அரையடி திறந்தது. வெளியே வெளிச்சம் தெரிந்தது.

பட்டென்று எல்லாம் அணைந்தது. நீல விளக்கும் போயிற்று.

"போயிட்டா" என்றார் அரங்கசாமி. பென்சிலை எடுத்து 3.48 என்று எழுதினார். "தெனமும் அந்தக் கதவோட சரிங்க. அதுக்கு அந்தண்ட என்னன்னு எனக்குக் காட்ட மாட்டேங்கறா."

"அன்பு" என்றாள் ஃபர்சானா. "என் துப்பட்டாவ விட்டுட்டு பெட்டியப் பாரு."

அன்புமணி காந்திபுரத்தில் ஆறு வருடம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தவன். பேய் அவனுக்குப் புதுசு, பெட்டி பழசு. மண்டி போட்டு உட்கார்ந்து, பின்பக்கம் தொங்கிய அடாப்டரைத் தொட்டதும் கையை உதறினான். தோசைக்கல் மாதிரி கொதித்தது. டார்ச் அடித்து அதன் லேபிளைப் படித்தான். பெட்டியின் அடியில் இருந்த லேபிளையும் படித்தான். அவன் உதடு தானாக விசிலடிக்கக் குவிந்தது. இடம் பொருள் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"பெட்டி கேக்கறது அஞ்சு ஆம்பியருங்க்கா. இந்த அடாப்டர் குடுக்கறது ரெண்டு. இது இந்தப் பெட்டியோடதே இல்லை. கல்யாண வீட்டுக்கு ஒரு கிலோ அரிசி வடிச்ச கதைதான். சும்மா இருக்கறப்ப சமாளிக்கும். படம் ஓட ஆரம்பிச்சு நாலு நிமிசத்துல மூச்சு வாங்கிப் படுத்துரும். படுத்துட்டா, கரண்ட் ஒரு தடவ போயிட்டு வந்தாத்தான் எந்திரிக்கும்."

"அப்ப அது தானா ஆன் ஆகறது?"

"கரண்ட் திரும்பி வந்தா நீயே எந்திரிச்சுக்கோன்னு பெட்டிக்குள்ள ஒரு செட்டிங் இருக்குதுங்க. எந்திரிச்ச உடனே கடைசியாப் பாத்த படத்தப் போடும். டி.வி.யவும் எழுப்பி விடும். நான் இப்பப் பிளக்கப் புடுங்கிச் சொருகுனா..." சொல்லிக்கொண்டே, அரங்கசாமியைக் கேட்கவேண்டும் என்று தோன்றாமலே, பிடுங்கிச் சொருகிவிட்டான்.

நீல விளக்கு எரிந்தது. "ஏமண்டி" என்றாள் கோமளா.

அரங்கசாமி கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஃபர்சானா பாய்ந்து சுவிட்சை அணைத்தாள். இவனுக்கு அங்கேயே ஓங்கி ஒன்று வைக்கலாம் போல அவளுக்கு இருந்திருக்கும். அவனுக்கும் அதுதான் தோன்றியது.

அரங்கசாமி கண்ணைத் திறக்காமலே பேசினார். "அவ வர்ற வழி அந்தப் பெட்டிதான், ஒத்துக்கறேனுங்க. கதவத் தொறந்தா வருவா. நீங்க தொறந்தீங்க, வந்தா. தெனமும் மூணே முக்காலுக்குத் தொறக்கறது யாரு? அதச் சொல்லுங்க."

"நியாயமான கேள்விங்கய்யா" என்றாள் ஃபர்சானா. "அதுக்குத்தான் நான் வந்திருக்கேன்."

உள்ளேயிருந்து பிரீத்திகா வந்தாள். அடாப்டரைப் பார்த்தாள். கண் சிவந்தது. "இது மாரப்பனோட வேலை! குடோன்ல இருக்கற கேமராவுக்கு இதே மாதிரி ஒண்ணுதான் இருந்துச்சு!"

மாரப்பன் தறிக்குடோனின் மேஸ்திரி. முப்பது வருடமாக அங்கே இருக்கிறவர். கூப்பிட்டு விட்டதும் பஞ்சு படிந்த தலையோடு பின்வாசலில் வந்து நின்றார். அடாப்டரைக் காட்டியதும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"நான்தானுங்க மாத்துனேன். அம்மா தவறி, காரியமெல்லாம் முடிஞ்சு, திரும்பத் தறி ஓட்டுன மொத நாளு, இங்க இருந்த பழைய அடாப்டரு பொகஞ்சுபோச்சுங்க. ஐயா அதுல அம்மா படத்தப் பாத்துக்கிட்டு இருந்தாரு. பாவமா இருந்துச்சு. கேமராவோடதக் கழட்டியாந்து மாட்டுனேன். பின்னு சேந்துச்சுங்க. சேந்தாச் சரிதானேன்னு உட்டுப்போட்டேன்."

"பின்னு சேர்ந்தாப் போதும்னா எனக்குக் கல்யாணம் எப்பவோ முடிஞ்சிருக்கும்" என்றான் அன்புமணி.

"நைனாவ இங்கயே கட்டிப்போடத்தானே இதெல்லாம்?" என்று பிரீத்திகா சீறினாள். மாரப்பன் தலையைக் குனிந்துகொண்டார். குற்றவாளி மாதிரியே நின்றார். அன்புமணி அவரை மனதுக்குள் ஜெயிலில் போட்டுப் பூட்டியும் விட்டான்.

ஃபர்சானா மட்டும் மாரப்பனைப் பார்க்கவில்லை. ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது தறிகளோடு சேர்ந்து அதிர்ந்துகொண்டிருந்தது.

"அன்பு, உன் பையில சரியான அடாப்டர் இருக்குதா?"

"அஞ்சு ஆம்பியர் இருக்குதுங்க்கா."

"மாட்டு. ஐயா, இந்தத் தடவ கேட்டுட்டே செய்யறோம். உங்க கோமளாம்மா அந்தக் கதவுக்கு அந்தண்ட எங்க போறாங்கன்னு பாக்கலாமுங்களா?"

அரங்கசாமி சுவரில் இருந்த கோமளாவின் படத்தைப் பார்த்தார். பிறகு சரியென்று தலையை அசைத்தார்.

விளக்கு எரிந்தது. ஏமண்டி. காப்பி. பாத்திரம். சிரிப்பு. கோமளா பின்வாசலுக்குப் போனாள், கதவில் கை வைத்தாள். பிரீத்திகா மூச்சைப் பிடித்துக்கொண்டது அன்புமணிக்குத் தெரிந்தது. அவனும் அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

படம் அணையவில்லை. கதவு முழுசாகத் திறந்தது.

எட்டு மாதமாக யாரும் பார்க்காத வெளிச்சத்தில் கோமளா இறங்கி நடந்தாள். கேமரா பின்னாலேயே போனது. தறிக்குடோன் வாசல். உள்ளே தறிகள் நின்றிருந்தன; ஆட்கள் டீ டம்ளரைக் கழுவி வைத்துக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தது. கோமளா வாசல்படியில் நின்று வலது கையைத் தூக்கினாள். ஒரு விரல். முதல் வரிசைத் தறிகள் மட்டும் ஓடத் தொடங்கின. கொஞ்சம் பொறுத்து இரண்டு விரல். இரண்டாம் வரிசை. மூன்று. நான்கு.

"இதென்னம்மா, போலீஸ் மாதிரி?" என்று படம் பிடித்தவன் கேட்டான். வெளிநாட்டில் இருக்கும் மகன் சாய்சரணின் குரல்.

"எல்லாத்தையும் ஒண்ணா ஓட்டுனா ஊட்டுல கரண்ட் எறங்கிப்போவுதுடா. நைனா டி.வி. பாத்துட்டு இருப்பாரு. பட்டுனு நின்னா அவருக்குக் கோவம் வரும்" என்றாள் கோமளா.

அரங்கசாமி எழுந்து நின்றுவிட்டார்.

ஃபர்சானா மெதுவாகத் திரும்பினாள். "மாரப்பண்ணா, இப்ப டீ முடிஞ்சு யாரு கை காட்டறாங்க?"

"யாருமில்லீங்க." மாரப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "காலைல ஆளுக ஒவ்வொருத்தரா வர வர அவங்கவங்க தறிய ஓட்டிக்குவாங்க. டீக்கு மட்டுந்தான் எல்லாரும் சேந்து நிறுத்தறது, சேந்து ஓட்டறது. அம்மா நின்ன எடத்துல இன்னொருத்தன் போயி நிக்கறதுங்களா? ஒருத்தருக்கும் மனசு வல்லீங்க. அந்தப் படிய மிதிக்காமத்தான் உள்ள போறோம். மணியடிச்சா எல்லாரும் ஒண்ணா ஓட்டிப்போடறோம்."

"நாற்பது தறியும் ஒரே சமயத்துல" என்றாள் ஃபர்சானா. "வீட்டுக்கு வர்ற கரண்ட் எறங்குது. மூலைல இருக்கற ஸ்டெபிலைசர் டக்குனு கட் பண்ணி, மூணு நிமிசம் பொறுத்து மறுபடியும் குடுக்குது. மூணே முக்காலோட மூணு."

"மூணு நாப்பத்தெட்டு" என்றான் அன்புமணி. "மாசத்துல அந்த அஞ்சு மணி?"

"பராமரிப்புக்குக் கரண்ட நிறுத்தற நாளு. அஞ்சு மணிக்குத்தானே திரும்ப வரும்? ஞாயித்துக்கெழம குடோன் லீவு. மாரப்பண்ணா, போன மாசம் எத்தனை நாள் ஓட்டல?"

"ஸ்ட்ரைக்குங்க. ஏரியா முச்சூடும் தறி நிறுத்தியிருந்தாங்க." மாரப்பன் விரல் விட்டு எண்ணினார். "ஒம்போது நாளு."

ஃபர்சானா அரங்கசாமியின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அதட்டிக் கேள்வி கேட்கிற குரல் அவளிடம் இப்போது இல்லை.

"அவிய உங்க மேல கோவிச்சுக்கவே இல்லீங்கய்யா. தறி ஓடல, அவ்வளவுதான். நீங்க கேட்டீங்க, தெனமும் தொறக்கறது யாருன்னு. யாரும் தொறக்கல. அவிய அந்தப் படியில நின்னுட்டு இருந்த வரைக்கும் இந்தப் பெட்டி ஒரு நாளும் தானா எந்திரிச்சதில்ல. அவிய அங்க இல்லாததாலதான் எந்திரிக்குது."

அரங்கசாமியின் தாடை அசைந்தது. அழப் போகிறார் என்று அன்புமணி நினைத்தான். அவர் அழவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார்.

"மாரப்பா, தறிய நிறுத்தச் சொல்லு."

"ஐயா, நடந்தா உங்களுக்கு மூச்சு வாங்குமுங்க..."

"நிறுத்தச் சொல்லு."

ஒரு கையில் மகள், ஒரு கையில் மேஸ்திரி. பின்வாசல் வழியாக அவர் இறங்கிப் போனார். ஃபர்சானா பின்னால் போகும்போது திரும்பி, "நீ பெட்டிகிட்டயே இரு" என்றாள். அன்புமணி படத்தை நிறுத்திப் பெட்டியை முறைப்படி அணைத்துவிட்டு, அதன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

தறிகள் நின்றன. மறுபடி அந்த நிசப்தம். கோழிகூடச் சத்தம் போடவில்லை. சுவரில் கோமளாவின் படம், பெட்டியின் மேல் அவன் நிழல். சொன்ன விளக்கமெல்லாம் அவனுக்குப் புரிந்துதான் இருந்தது. ஆம்பியர், வோல்ட், ஸ்டெபிலைசர், எல்லாம் சரி. ஆனாலும் தனியாக உட்கார்ந்திருக்கும்போது உள்ளங்கை வியர்த்தது.

மணி அடித்தது.

ஒரு வரிசை கிளம்பியது. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு வரிசை. அன்புமணி மூலையில் இருந்த ஸ்டெபிலைசரையே பார்த்தான். மூன்றாவது வரிசை. அதற்குப் பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. அவருக்குக் கை தூக்கி நிற்க முடியவில்லையோ என்று அவன் பாதி எழுந்தான். நான்காவது வரிசை கிளம்பியது. கண்ணாடி அதிர்ந்தது.

'டக்' வரவில்லை.

ஒரு நிமிடம். இரண்டு. மூன்று. நீல விளக்கு எரியவில்லை. வா அம்மா, ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போ என்று தன் வாய் முணுமுணுத்ததை அன்புமணி பிறகு யாரிடமும், ஃபர்சானாவிடம்கூட, சொல்லவே இல்லை.

பின்வாசல் கதவு திறந்தது. அரங்கசாமி மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் வலது கையில் நான்கு விரல்கள் இன்னும் மடங்காமலே இருந்தன. இருண்ட டி.வி.யைப் பார்த்தார்.

"வந்தாளா தம்பி?"

"வல்லீங்கய்யா."

அவர் சோபாவில் உட்கார்ந்து, துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு, எட்டு மாதமாக அழாத அழுகையை அழுது தீர்த்தார். பிரீத்திகா அவர் காலடியில் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து அழுதாள். அன்புமணி அடாப்டர் வயரில் இல்லாத சிக்கலை எல்லாம் எடுத்துக்கொண்டு குனிந்திருந்தான்.

வெயில் சாய்ந்த பிறகு அரங்கசாமி துண்டை எடுத்தார். "அந்த நல்ல அடாப்டர் இங்கயே இருக்கட்டுங்க தம்பி. தானா எந்திரிக்கற செட்டிங்க மட்டும் எடுத்து உட்டுருங்க. அவளப் பாக்கணும்னா நானே போட்டுப் பாத்துக்கறேன். கதவுக்கு அந்தண்ட வரைக்கும்."

"சரிங்கய்யா."

"ஏழு மணின்னா ஆறுக்காச்சும் கெளம்பணும் கண்ணு" என்றார் மகளிடம். பிரீத்திகாவுக்குத் தலையாட்டத்தான் முடிந்தது.

பின்வாசலில் மாரப்பன் இன்னும் நின்றுகொண்டிருந்தார். அரங்கசாமி அவரைக் கூப்பிட்டார்.

"மாரப்பா, நாளைக்கு டீ முடிஞ்சு நீ படியில நின்னு கை காட்டு."

"நானுங்களா? அம்மா எடத்துலீங்களா?"

"ஆமா. நான் ஆஸ்பத்திரிய உட்டு வர்ற வரைக்குந்தான். வந்து நான் நின்னுக்கறேன்."